ஏட்டம்மாவின் சாட்சிகள்

சாட்சிகளை ஏட்டம்மா ஒரே பெஞ்சில் உட்காரவிடுவதில்லை. ஒருவரை ஜெராக்ஸ் கடை நிழலில், இன்னொருவரை வேப்பமரத்தடியில், மற்றொருவரை வண்டி நிறுத்துமிடத்துச் சுவரோரம் எனப் பிரித்து நிறுத்திவிட்டு, நடுவில் தாம் நின்றுகொள்கிறார். "சந்தையில மாடு கட்டுற மாதிரி மூலைக்கு ஒண்ணாக் கட்டிட்டாக" என்று தேநீர்க்கடை அசோக்குமார் சீண்டுவார். "சேத்துக் கட்டுனா, ஒண்ணு தின்னத இன்னொண்ணு அசை போடும்ணே" என்பது பதில்.

மதுரை மாவட்ட நீதிமன்றத்திற்குத் தம் சோழவந்தான் காவல் நிலையத்து வழக்குகளின் சாட்சிகளை அழைத்துவருவது தலைமைக் காவலர் தாமரைச்செல்வியின் பணி. வளாகத்தில் எல்லோருக்கும் அவர் ஏட்டம்மா. தம் ஊரான ஒத்தக்கடையிலிருந்து பேருந்து ஏறுவதற்கு முன்பே கைபேசியை எடுத்துவிடுவார். எழுந்தாயிற்றா, பேருந்து கிடைத்ததா என்று கேட்பாரே தவிர வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டார். வந்தவர்களுக்கு முதலில் இட்லி வாங்கிக் கொடுப்பார். வெறும் வயிற்றோடு கூண்டேறுகிறவர்கள் குறுக்கு விசாரணையில் சீக்கிரம் கோபப்படுகிறார்கள் என்பது அவர் அனுபவம்.

நேரில் பார்த்தவர் எவருமில்லாத கொலை வழக்கென்றால் அவருக்குக் கவலை கூடிவிடும். அத்தகைய வழக்கில் சிறுசிறு சந்தர்ப்பங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கவேண்டும். இடையில் எதுவும் விடுபடக்கூடாது. அதை அவர் தம் வழியில் விளக்குவார்: "சோழவந்தான்ல ஏறி, பெரியார்ல மாறி, மாட்டுத்தாவணில மாறி ஒத்தக்கடை போறோம்ல, அது மாதிரிதான். நடுவுல ஒரு பஸ்ஸ விட்டா வீடு போய்ச் சேர முடியாது."

அன்றைய வழக்கும் அவ்வகையே. சோழவந்தானில் காளை என்பவர் தம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் குத்துப்பட்டு இறந்துகிடந்தார். குத்தகைத் தகராறில் அவரைக் கொன்றதாக ராம்கி என்பவர்மீது வழக்கு. அன்று மாலை ராம்கி வீட்டு வாசலில் வந்து கணவரை அழைத்துச் சென்றதைப் பார்த்தவர், காளையின் மனைவி சின்னத்தாய். இருவரும் கொடிக்காலுக்குள் நுழைந்ததையும், ராம்கி மட்டும் நனைந்த சட்டையோடு திரும்பியதையும் பார்த்தவர், வெற்றிலை கிள்ளும் மொக்கையன்.

மொக்கையனை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஏட்டம்மா நகர்ந்தபோது, அவர் தயங்கிக் கூப்பிட்டார். வரும் வழியில் சின்னத்தாய் அழுதிருக்கிறார். குத்தியதையே பார்த்ததாகச் சொல்லிவிடுவதாக இவரும் அவருக்குக் கையடித்துக் கொடுத்திருக்கிறார்.

"கண்ணால பாத்தேன்னு சொல்லிரவா ஏட்டம்மா?"

"பாத்தீகளா?"

"இல்ல. ஆனா அவன்தேன் செஞ்சான்."

"பாத்தத மட்டும் சொல்லுங்கண்ணே. பாக்காதத ஒண்ணச் சேத்தா, பாத்ததையும் கோர்ட்டு நம்பாது."

சொல்லிவிட்டு அவர் விலகி நடந்தார். ஆயினும், டவாலி பெயர் சொல்லி அழைத்து மொக்கையன் உள்ளே போனபின், நீதிமன்ற வாசலை விட்டு ஏட்டம்மா அசையவில்லை.

அரசு வழக்கறிஞரின் கேள்விகள் விரைவில் முடிந்தன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மிகக் கனிவாகத் தொடங்கினார். கையில் மொக்கையன் போலீசில் கொடுத்த வாக்குமூலம் தயாராக இருந்தது. குத்தியதைப் பார்த்ததாக அதில் ஒரு வரியும் இல்லை.

"அவ்வளவு பக்கத்துல நின்னுருக்கீங்க. குத்துனதையும் பாத்திருப்பீங்களே?"

மொக்கையன் கூண்டின் கட்டையைப் பற்றிக்கொண்டார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லைங்கய்யா. நான் வாய்க்காக் கரையில நின்னேன். அகத்தி அடர்ந்திருக்கும், உள்ள ஒண்ணும் தெரியாது. போனது ரெண்டு பேரு, வந்தது ஒருத்தன். அம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும்."

வேறு வழிகளிலும் வழக்கறிஞர் கேட்டுப் பார்த்தார். பதில் மாறவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பதிலை நீதிபதி நிறுத்தி நிதானமாகச் சொல்ல, தட்டச்சர் பதிவுசெய்தார்.

வெளியே சின்னத்தாய் உட்கார்ந்து காத்திருந்தார். மொக்கையன் தலையைக் கவிழ்த்தபடி வந்தார்.

"பாக்கலன்னு சொல்லிட்டேன் தாயி."

சின்னத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மொக்கையன் விடவில்லை. "நான் பொய் சொல்லட்டும்னுதேன் அந்த வக்கீலு காத்திருந்தாரு. சொல்லியிருந்தா அவன் இன்னைக்கே தப்பிச்சிருப்பான். இப்ப அவருக்குக் கேக்க ஒண்ணுமில்லாமப் போச்சு."

டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். சின்னத்தாய் எழுந்தார். இரண்டடி நடந்து ஏட்டம்மாவிடம் நின்றார்.

"அவன் என் வாசல்ல வந்து கூப்புட்டத மட்டும் சொன்னாப் போதுமா? நானும் என்னென்னமோ சேத்துச் சொல்லணும்னு நெனச்சு வந்தேன்."

தாமரைச்செல்வி, தோளில் முறுக்கிக் கிடந்த சின்னத்தாயின் முந்தானையைப் பிரித்து நேராக்கிவிட்டு, நீதிமன்றத்தின் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.