ஓவர்லாக்கின் நாக்கடியில் ஒரு நூல்

யாழினி, கவின், நேற்று நீங்கள் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பூனைக்குட்டி என் மடியில் படுத்து உறுமத் தொடங்கியதும், என் காதுக்குள் வேறொரு பூனையின் சத்தம் கேட்டது. அதைப் பற்றி எழுதித் தருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

அந்தப் பூனையின் பெயர் ஓவர்லாக். பனியன் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓடுவதுபோல் விடாமல் உறுமும் என்பதால் என் அம்மா, அதாவது உங்கள் அப்பாயி, வைத்த பெயர் அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். நான் ஆறாம் வகுப்பு. அவிநாசிபாளையத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து பனியன்கள் மூட்டையாக வரும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பது, "பிசிறு வெட்டுவது", அம்மாவின் வேலை. பனியனில் முடி ஒட்டியிருந்தால் மூட்டையே திரும்பி வந்துவிடும் என்பதால், "பூனை மூட்ட மேல ஏறுச்சுன்னா சாக்குல போட்டு தாராபுரம் பஸ்ஸுல ஏத்தி உட்டுருவேன், பாத்துக்க" என்று சொல்லியிருந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் நான்தான் அதை மூட்டைமேல் ஏற்றி, வெட்டிய நூலை ஆட்டி விளையாட்டுக் காட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த உறுமல் நின்றிருந்தது. மத்தி மீனின் தலையை மூக்கருகே வைத்தும் ஓவர்லாக் திரும்பவில்லை. நுரையாக இரண்டு தடவை வாந்தி எடுத்தது. முதுகைக் குறுக்கி, எச்சில் வடிய, முன்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கடைவாயில் வெள்ளையாக ஒரு நூல். நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கண்டால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கை சும்மா இருக்காது, நானும் இழுத்தேன். ஒரு சாண் வந்தது, பிறகு இறுகியது, இன்னும் இழுத்தேன். குழந்தைபோல் அலறியது ஓவர்லாக், நூல் அறுந்தது. அந்த ஒரு சாணை ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்து வைத்தேன்.

வாந்தி பச்சையாக மாறியதும் அம்மா அதைக் கூடையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மாட்டாஸ்பத்திரியில் ஆட்டுக்கிடாயோடு நின்ற பெரியவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எத்தன லிட்டரு கறக்குதுங்க?"

"உங்க கெடாய விட ரெண்டு லிட்டரு சாஸ்திங்க" என்றார் அம்மா. சிரிக்கவில்லை.

டாக்டர் அதன் வாயைத் திறக்கப் பார்த்தார், ஓவர்லாக் பிறாண்டிவிட்டது. "நூல், ஊசி, ரப்பர் ஏதாவது முழுங்குச்சா?"

எனக்கு மூட்டையும் சாக்கும் தாராபுரம் பஸ்ஸும் கண்முன் வந்தன. "இல்லீங்க சார்."

"நூலெல்லாம் அப்பப்ப கூட்டி அள்ளிருவனுங்க" என்றார் அம்மா. டாக்டர் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் கூடைக்குள் பார்த்தேன். வாயைத் தேய்க்கக்கூடத் தெம்பில்லாமல் தலையைக் கால்மேல் சாய்த்திருந்தது. எங்கள் பஸ் திருப்பத்தில் வருவது தெரிந்தது.

"அம்மா, அது நூல முழுங்கிருச்சும்மா. நாந்தான் மூட்ட மேல உட்டேன். வாயில தெரிஞ்சுது, இழுத்தேன், அறுந்துருச்சு."

அம்மா கையை ஓங்கினார். ஓங்கிய கையாலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினார்.

டாக்டர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்றபடி திறந்தார். அம்மா துண்டில் சுற்றிப் பிடிக்க, டாக்டர் தாடைக்கு அடியில் பெருவிரலால் அழுத்தி நாக்கைத் தூக்கினார். அடிநாக்கைச் சுற்றி நூல் சதையை அறுத்துக்கொண்டு கிடந்தது. நூலை அங்கேயே வெட்டிவிட்டார், இழுக்கவில்லை.

"பேண்ட் நாடாவ இழுத்தா இடுப்பு சுருங்குதில்ல? இத இழுத்தா குடல் அப்படித்தான் சுருங்கும், அறுந்தும் போகும். மிச்சம் தானா வெளிய வரணும். பின்னால தொங்குனாலும் தொடாதீங்க. நாளைக்கும் வாந்தி நிக்கலைன்னா கோயமுத்தூர் கொண்டுபோய் வயித்தத் திறக்கணும்."

இரண்டு நாள் நானும் அம்மாவும் மாறி மாறி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். ஞாயிறு வாந்தி நின்றது. திங்கட்கிழமை காலை வாசல் மணலில் நூல் வந்திருந்தது. சற்று நேரத்தில் பழுதான மெஷின் போல விட்டுவிட்டு உறுமல் கேட்டது. "தாராபுரம் பஸ்ஸு?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏத்தி உடறதுன்னா உன்னையும் சேத்துத்தான் ஏத்தோணும். போ, பள்ளிக்கோடத்துக்கு நேரமாச்சு."

ஓவர்லாக் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தது. இப்போது நம் வீதியில் எந்த வீட்டுக்கும் மூட்டை வருவதில்லை, பிசிறு வெட்டுவது கம்பெனிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அப்பாயியின் கத்தரி டிராயரில் துருவேறிக் கிடக்கிறது. ஆனால் நான் கம்பெனி வேலை முடிந்து வரும்போது என் பேண்ட்டில் ஒட்டிக்கொண்டு நூல் இன்னும் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. குட்டியின் வாயில் நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள். யார் தவறானாலும் உடனே என்னிடம் சொல்லுங்கள். குட்டியை எங்கும் அனுப்பமாட்டேன்.

இன்று காலை நீங்கள் பள்ளி வேனில் ஏறிய பிறகு, குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, பெருவிரலால் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தேன்.