வராத பெட்டிக்கு ஸ்தோத்திரம்

கர்த்தருக்குள் எனக்கு அருமையானவர்களே, இந்தச் சாட்சியை எழுத உட்கார்ந்தால் கை ஓடுகிற வேகத்துக்குப் பேனா ஓட மாட்டேன் என்கிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு! ஆனால் சந்தோஷத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் அழுத கதையைக் கேளுங்கள்.

1954ஆம் வருஷம் இ.எஸ்.எல்.சி. பரீட்சையில் இரண்டாம் தடவையாகத் தோற்றேன். எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சைதான். அதில் தேறினால் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம். டீச்சராக வேண்டும் என்பது சிறு வயதிலிருந்தே என் ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே படித்து எழுதினேன். போடியில் என் மாமனார் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம், "மருமகளுக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் மிளகாய் விலையையே கேட்டார்கள். நான் உள்ளே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன்.

இதில் இன்னொரு இடி. பயிற்சிப் பள்ளியில் சேர வயது வரம்பு உண்டு. அடுத்த வருஷமும் தோற்றால் எனக்கு வயது தாண்டிவிடும். பிறகு இந்த ஜென்மத்தில் நான் டீச்சர் ஆக முடியாது.

நான் சோம்பேறி இல்லை, சகோதர சகோதரிகளே. ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி வைத்தால் பரிசு என் வீட்டுக்குத்தான் வரும். நீளமான சங்கீதத்தைக்கூட மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அந்தப் பழக்கத்தில் பூகோளத்தையும் சரித்திரத்தையும்கூட ராகம் போட்டு, உடம்பை ஆட்டி ஆட்டி உருப்போட்டேன். முதல் வரியில் தொடங்கினால் கடைசி வரி வரைக்கும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. பரீட்சையிலோ பாடத்தின் நடுவிலிருந்து கேட்டார்கள்! பதிலைப் பிடிக்க நான் முதல் வரியிலிருந்து முணுமுணுத்து வருவேன். பாதி வழியில் தடுக்கினால் திரும்பவும் முதல் வரி. அதற்குள் மணி அடித்துவிடும்.

அதுதான் கோளாறு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மண்டையில் களிமண் என்றுதான் நினைத்தேன். "ஆண்டவரே, எனக்கு ஞாபக சக்தி தாரும்" என்று முழங்காலில் நின்று ஜெபித்தேன். இன்னும் சத்தமாக உருப்போட்டேன்.

கார்த்திகை மாதம் என் கணவருக்குக் காய்ச்சல் என்று மலையிலிருந்து சேதி வந்தது. அவர் போடிமெட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. உடனே ஜீப்பில் கிளம்பினேன். ஜீப்பில் ஆள் உட்காரவே இடமில்லை. என் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டியைப் பின்னால் வருகிற அரிசி லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனேன். நாங்கள் மெட்டு ஏறி முடித்த பிறகு மழை பிடித்தது. அப்படியொரு மழை! பின்னால் மலை சரிந்து பாதை உடைந்தது. லாரி மலையடிவாரத்தில் இருக்கிற முந்தலுக்கே திரும்பிவிட்டது. நான் மேலே, என் புத்தகங்கள் கீழே.

நோயாளியைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெட்டிக்காக ஜெபித்தேன். காலையில் பெட்டி, மத்தியானம் பெட்டி, சாயந்தரம் பெட்டி. "செங்கடலைப் பிளந்தவரே, ஒரு தகரப் பெட்டியை மலையேற்ற உம்மால் ஆகாதா?" என்று கோபத்தோடுகூடக் கேட்டேன். வானம் மழையைத் தந்தது, பெட்டியைத் தரவில்லை. என் கணவருக்குக் காய்ச்சல் இறங்கிக் கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் அவருக்கே பொறுக்கவில்லை.

"எஸ்தரு, பொட்டி வர்றப்ப வரும். அதுக்காக என்னையவே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்காத. ஸ்டோருல பொம்பளையாளுக கூடப் போயி உக்காரு, போ" என்றார்.

ஸ்டோர் என்பது ஏலக்காயை உலர்த்தி எடுக்கும் கட்டடம். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காய்ந்த காயைச் சுளகில் கொட்டிப் பருத்தது, சிறுத்தது, வெடித்தது என்று பிரிப்பார்கள். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். தினமும் ஒருத்தி முறை வைத்துக் கதை சொல்ல வேண்டும். யாரும் எந்த இடத்திலும் குறுக்கே கேள்வி கேட்கலாம். சொல்கிறவளுக்குப் பதில் தெரியாவிட்டால், பிரிக்காத காயில் ஒரு கை அள்ளி அவள் சுளகில் போட்டுவிடுவார்கள். அவள் வேலை கூடும், அவர்கள் வேலை குறையும்!

என் முறை வந்தது. எனக்குக் கதை தெரியாது. தெரிந்ததெல்லாம் பாடம்தான். கண்ணை மூடிப் பருவக்காற்றைப் பற்றி ராகத்தோடு ஆரம்பித்தேன். வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாரியக்கா கையை உயர்த்தினாள். அவளுக்குக் கீழே போடிப் பக்கம் சிலமலை ஊர்.

"இந்தா, நிறுத்து. எந்த எழவு வீட்டுக்கு இப்பிடி இழுக்குற?"

"பாடம்க்கா இது."

"பாடமா? சரி, அப்ப இதச் சொல்லு. ஆடி மாசம் இங்கன மழை கொட்டித் தீக்குது. கீழ போடியில காத்து ஆளையே தள்ளுது, ஒரு பொட்டு விழ மாட்டேங்குது. ஏன்?"

"இருங்கக்கா, மொதல்ல இருந்து வர்றேன்."

"மொதல்ல இருந்து எதுக்கு வர்ற? கேட்டதுக்குப் பதிலச் சொல்லுத்தா."

நான் முதல் வரியை முணுமுணுக்கத் தொடங்குவதற்குள் என் சுளகில் ஒரு கை காய் விழுந்தது. இன்னொருத்தி கேட்டாள், இன்னொரு கை. சாயந்தரம் எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணீர் சுளகில் சொட்டியது.

மறுநாள் விடிந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று மேகம் மலையில் முட்டுவதைப் பார்த்தேன். பாட வரிகளை ஒவ்வொன்றாக அந்த மலையில் வைத்துப் பார்த்தேன். நான் மனப்பாடம் செய்த 'மலைத்தொடர்' என்பது என் காலுக்குக் கீழேதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது! ஸ்டோருக்கு ஓடினேன்.

"அக்கா, கேளுங்க! ஆடி மாசம் மேக்க கடல்ல தண்ணிய மொண்டுக்கிட்டு வர்ற காத்து இந்த மலை மேல ஏறுது. ஏற ஏறக் குளுந்து, எல்லாத்தையும் இந்தப் பக்கமே கொட்டிருது. மெட்டத் தாண்டி எறங்குறப்ப வெறுங்கை. அதான் போடிக்குக் காத்து மட்டும் வருது."

சுளகுகள் எல்லாம் நின்றுபோயின. மாரியக்கா வாயைப் பிளந்தாள். "அடி ஆத்தீ! அப்ப சிலமலையில எங்க அண்ணன் காட்டுக்கு வர வேண்டிய மழையத்தான் நாம இங்கன நனைஞ்சுக்கிட்டு இருக்கமா!"

அன்றைக்கு என் சுளகில் ஒரு காய்கூட விழவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அதன் பிறகு மற்றவர்களின் முறையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அசோகர் போரை விட்டது, நெஞ்சுக்குள் ரத்தம் ஓடுவது, கொசுவால் காய்ச்சல் வருவது, எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் குறுக்கே வெட்டினார்கள். ராகம் தானாகவே உதிர்ந்துவிட்டது. பதில் தெரியாத கேள்விக்கு முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன். எனக்கு எது தெரியாது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

ஒரு காலையில் வழக்கம்போலப் பெட்டிக்காக முழங்காலில் நின்றேன். வாயைத் திறந்தால் சிரிப்பு வருகிறது! நான் ஞாபக சக்தி கேட்டேனே, அதைத்தான் அவர் தினமும் தந்துகொண்டிருக்கிறார்! புத்தகம் கையில் இருந்தால் நான் மூலையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். "ஆண்டவரே, பெட்டி கீழேயே கிடக்கட்டும், அவசரமில்லை" என்று ஸ்தோத்திரம் சொன்னேன். என் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "காய்ச்சல் ஒனக்கு வந்திருச்சா?" என்று கேட்டார்.

பாதை சரியாகி, கிறிஸ்துமஸுக்கு இருவரும் கீழே இறங்கினோம். வீட்டுக்கே திரும்பி வந்திருந்த பெட்டியைத் திறந்து, புத்தகத்தில் பதிலைத் தேடித் தேடி முதலில் அந்த முடிச்சுகளை அவிழ்த்தேன். பிறகு ஒரு பாடம் படிப்பேன், புத்தகத்தை மூடுவேன், கடையில் மாமனாருக்குச் சொல்வேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "ஏத்தா, ரத்தம் எதுக்கு ஓடிக்கிட்டே இருக்கணும்? ஒரு எடத்துல நின்டா என்ன?" என்பார். சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்த தராசு அந்தரத்தில் நிற்கும், வாங்க வந்தவரும் பதிலுக்காகக் காத்து நிற்பார்.

பரீட்சை வந்தது. சரித்திரத் தாளில் ஒரு கேள்வி, பாடத்தின் சரியான நடு வயிற்றிலிருந்து. பழைய வழக்கத்தில் உதடு முதல் வரிக்குப் போயிற்று. 'இயேசுவே' என்று ஒரு நொடி கண்ணை மூடினேன். பிறகு யாரோ எதிரில் உட்கார்ந்து கேட்பது போல, கேட்டதற்கு நேராகப் பதில் எழுதினேன். எழுதிக்கொண்டே போனேன். மணி அடித்தபோது நான் மூன்றாம் தடவையாகத் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்!

தேறிவிட்டேன்! சேதி வந்ததும் மாமனார் கடையில் இருந்த கல்கண்டை எல்லாம் தெருவுக்கே வாரிக் கொடுத்தார். பயிற்சியும் முடித்தேன். இப்போது நான் டீச்சர். என் வகுப்பில் பிள்ளைகள் எந்த இடத்திலும் குறுக்கே கேட்கலாம். எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் படித்துவந்து சொல்கிறேன்.

படிக்கிற பிள்ளைகளே, ஜெபித்துவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். படித்ததும் அதை மூடிவிட்டு, அம்மாவிடமோ தம்பியிடமோ சொல்லிப் பாருங்கள். கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள்.

பெரியவர்களே, உங்களில் யாராவது கேட்டது கிடைக்கவில்லையே என்று கலங்கி இருக்கலாம். ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்ட வழியில் வராததால் அவர் கேட்கவில்லை என்று எண்ணாதீர்கள். நான் கெஞ்சிக் கேட்ட அந்தப் பெட்டியை அவர் அன்றைக்கே தந்திருந்தால், மூன்றாம் தடவையும் தோற்றிருப்பேன்.