நான் போட்ட முடிச்சு

மலையேறும் வழியில், ரிங்லெட் ஊரைத் தாண்டி ஒரு சாலையோரக் கடையில் தேநீருக்காக நிற்கிறேன். மார்ச் மாதம், மதியம் இரண்டு மணி. எதிரே தேயிலைச் சரிவு வெயிலில் பளபளக்கிறது. கடைக்கார ஸ்டெல்லா அக்கா தேநீர் ஆற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்கிறார்.

“பெருங்காத்து வருது லா. காலையிலேர்ந்து ஒரே புழுக்கம்.”

“போன்ல வெயில்னுதானே போட்டிருக்கு?”

“உங்க போன் இன்னும் மலைக்குக் கீழ தாப்பா டவுன்லயே நிக்குது.”

கடைக்குப் பின்னால் அவருடைய தக்காளித் தோட்டம். மேலே பிளாஸ்டிக் கூரை, நான்கு பக்கமும் பிளாஸ்டிக் திரை. சரிவின் உச்சியில் வானம் கறுக்கிறது. உதவலாம் என்று ஓடிப்போய், தொங்கும் திரையின் ஒரு மூலையைக் கம்பத்தோடு இறுகக் கட்டுகிறேன்.

“ஐயோ, கட்டாதீங்க தம்பி! அவுத்து விடுங்க!” அவர் மற்ற திரைகளைச் சரசரவென்று சுருட்டுகிறார். “உள்ள வர்ற காத்து வெளிய போவணும். அடைச்சா கூரையையே தூக்கிரும்.”

முடிச்சை அவிழ்ப்பதற்குள் மழை அறைகிறது. கடைக்குள் ஓடி ஒண்டுகிறோம். கொஞ்ச நேரத்தில் பின்னால் படாரென்று ஒரு சத்தம்.

மழை விட்டதும் போய்ப் பார்க்கிறோம். கூரை அப்படியே இருக்கிறது, என் மூலையைத் தவிர. அங்கே பிளாஸ்டிக் கிழிந்து, இரண்டு செடிகள் சேற்றில் கிடக்கின்றன. ஸ்டெல்லா அக்கா கம்பத்தைத் தொட்டுப் பார்க்கிறார்.

“முடிச்சுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க லா” என்று சிரித்தபடி, விழுந்த செடியின் தக்காளிகளைப் பறித்து என் பையில் போடுகிறார்.