மாமா விழும் காட்சி

பசறைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில்தான் திருவிழா மேடையும் போடுவார்கள். என் தாய்மாமா அதில் தனியாக ஏறி நிற்பார். கங்காணி மாட்டுவதுபோல், கழுத்துக்குப் பின்னால் சட்டையில் மாட்டிய ஒரு குடை; வேறு வேடம் இல்லை. கங்காணியின் குரலில், கூட்டத்தில் இருப்பவர்களின் பெயர்களையே கூப்பிடுவார். பெயர் கேட்டவர் எழுந்து, காலையில் சொல்ல முடியாததை அப்போது சொல்ல வேண்டும்.

“ராக்கம்மா! ஏன் லேட்டு?”

“நேத்து நீங்க வெட்டுன அரைநாள் சம்பளத்தத் தேடிக்கிட்டிருந்தேங்க!”

முன்வரிசையில் உண்மையான கங்காணி உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு மட்டும் அவர் கோபப்படக் கூடாது என்பது தோட்டத்து வழக்கம். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பார்.

அந்தச் சிரிப்பை நம்பி மாமா கொழும்புக்குப் போனார். கல்யாண மண்டபங்களிலும் சங்க விழாக்களிலும் ஒலிவாங்கியோடு தனியாக நின்றார். சாப்பாட்டுப் பந்தி தொடங்கும்வரை சனம் கேட்கும். வெகுகாலம் கழித்து ஒரு தொலைக்காட்சித் தொடரில் வேடம் கிடைத்தது. தோட்டத்துக் குடிகாரன். வசனம் அதிகமில்லை, தள்ளாடி வந்து விழ வேண்டும். விழுந்தார். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கும் அளவுக்கு முகம் பிரபலமானது. பெயர் கூப்பிடும் தன் பெரட்டை ஒரு காட்சியாகச் செய்யலாமா என்று கேட்டபோது, அது வெளியாட்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதே வேடத்துக்கு மறுபடியும் கூப்பிட்ட வருடம், பதில் சொல்லாமல் திருவிழாவுக்கு வந்தார். நான் அப்போது பதுளையில் பத்திரிகைச் செய்தியாளன்.

“பெரட்டு செய்யப்போறேன் மாப்ள. சனம் சிரிச்சிட்டா, அந்தக் குடிகாரன் வேசத்துக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிருவேன்” என்றார்.

மேடையேறிப் பெயர் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. அந்தப் பெயர்க்காரர்களில் சிலர் இறந்திருந்தார்கள், சிலர் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போயிருந்தார்கள். களத்தில் இருந்த இளையவர்களுக்கு, இப்படி எழுந்து பதில் சொல்லும் வழக்கமே தெரியவில்லை. இன்னொரு பெயர். அதற்கும் ஆள் இல்லை. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்:

“அண்ணே, அத விடுங்க! டிவியில விழுவீங்களே, அதப் போடுங்க!”

மாமா சட்டையில் மாட்டியிருந்த குடையைக் கழற்றி வைத்தார். பிறகு விழுந்தார். களமே சிரித்தது.

இறங்கி வந்தவரிடம், கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

“எங்க வூட்டுக்காரரும் இப்பிடித்தாங்க விழுவாரு. ஒரு நாளும் நான் சிரிச்சதில்ல. நீங்க விழுந்தாத்தான் சிரிப்பு வருது.”

அவள் குறை சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னாள். மாமா சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே தலையாட்டினார். மறுநாள் காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டார்.

அந்தத் தொடர் முடிந்து வேறு தொடர்கள் வந்துவிட்டன. பாத்திரத்தின் பெயர் மாறுகிறது, வேடம் மாறவில்லை. மாமாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. சென்ற வாரம் தொலைபேசியில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“விழுறது லேசு மாப்ள. சரியா வரல்ல, இன்னொருக்கா எடுப்போம்னு சொல்லுவாங்க பாரு, அதுக்கு எழும்புறதுதான் ஏலாம இருக்கு.”