இரண்டு விரல் இடுக்கு

அண்ணனூரில் நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது அதற்குக் கூரை இருந்தது, கதவு இருந்தது, ஐந்து ஜன்னல்களும் இருந்தன. ஜன்னல்களுக்கும் சுவருக்கும்தான் ஒட்டுறவு இல்லை. ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் இரண்டு விரல் தாராளமாக நுழையும் அளவுக்கு இடுக்கு.

தப்பு அப்பாவுடையது. ஆவடியில் யாரோ பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய், தேக்கு ஜன்னல்களை நிலையோடு வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றி வந்துவிட்டார். மேஸ்திரி அதற்குள் வேறு அளவில் சுவரில் இடம் விட்டிருந்தார். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். அங்கே மயிரிழை பிசகினாலும் அந்த இரும்பைத் தூக்கி ஒதுக்கிவிடுவாராம். சொந்த வீட்டு ஜன்னலை மட்டும் கண்ணளவில் வாங்கினார். மேஸ்திரி நிலைகளை எப்படியோ சுவரில் நிறுத்தி, இடுக்கில் கொஞ்சம் கலவையை அப்பிவிட்டு, பூந்தமல்லியில் அடுத்த வேலை இருக்கிறது என்று போய்விட்டார். அப்பியது ஒரே வாரத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. பூச்சு வேலை மறுவருஷம்தான் என்று முடிவாகியிருந்ததால் வீடு வெறும் செங்கல்லோடு சிவப்பாக நின்றது.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த இடுக்குகள் எனக்குப் பிடித்திருந்தன. படுத்தபடியே பக்கத்து ரயில் ஷெட்டுக்குப் போகும் மின்சார ரயிலை ஒரு மெல்லிய கோடாகப் பார்க்கலாம். ஓணான் ஒன்று தினமும் எட்டு மணிக்கு உள்ளே தலையை நீட்டிவிட்டுப் போகும். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் மகளுக்கு எழுதிய கடிதங்களை இடுக்கு வழியாகத்தான் அனுப்பினேன். கதவு திறந்தே இருந்தாலும் அப்படித்தான்.

ஐப்பசி பிறந்ததும் மழை அதே வழியாக வந்தது. நேராக வரும் மழையாக இருந்தால் பரவாயில்லை. அண்ணனூர் வெட்டவெளியில் அது பக்கவாட்டில் வந்தது. கைக்குழந்தையான என் தம்பிக்கு ஏற்கெனவே இழுப்பு. மழை தொடங்கிய மூன்றாம் நாள் அவன் நெஞ்சு பூனைபோலச் சத்தம் போட ஆரம்பித்தது. ஈரக்காற்று படக்கூடாது, பட்டால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அம்மா அவனை ஜன்னல் இல்லாத ஒரே இடமான சாமான் அறையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் தூளி கட்டிப் போட்டாள்.

அப்பா முதலில் செய்தித்தாளை மைதாப் பசையில் ஊறவைத்து அடைத்தார். எறும்புகள் குடும்பத்தோடு வந்து பசையைத் தின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அவர் ஐயப்பன்தாங்கலில் லாரி, பஸ் எல்லாம் ரிப்பேர் பார்க்கும் ஷெட் ஒன்றில் மெக்கானிக். எந்தக் கஷ்டத்துக்கும் அவரிடம் ஒரு உதிரிபாகம் இருக்கும். அன்று பஸ் கண்ணாடியைச் சுற்றிப் போடும் பழைய கறுப்பு ரப்பரைத் தோளில் மாலைபோலச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“பாருங்கண்ணி, இனிமே ஒரு கொசு உள்ள வரணும்னாலும் பர்மிஷன் கேட்டுகினுதான் வரணும்” என்றார்.

அப்பாவும் சித்தப்பாவும் மதியம்வரை ஸ்க்ரூடிரைவரால் ரப்பரைக் குத்தித் திணித்தார்கள். வீடு ஒரு பழைய பஸ்ஸைப்போல மணத்தது. மழை வந்தபோது ரப்பருக்குப் பின்னால் தண்ணீர் சேர்ந்து, சேர்ந்து, ஒரு கட்டத்தில் ரப்பரைத் துப்பிவிட்டுச் சேர்ந்தாற்போல் உள்ளே குதித்தது.

அதற்கடுத்த ஞாயிறு சிமென்ட். வீடு கட்டி மிஞ்சிய அரை மூட்டை சமையலறை மூலையில் இருந்தது. அப்பா ஒரு கொத்தனார் கரண்டி வாங்கி வந்தார். சித்தப்பா கலவையைப் பாயசப் பதத்தில் கலக்கினார். அதை இடுக்கில் ஊற்ற, அது அப்படியே வழிந்து தரையில் தேங்கியது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் காப்பி போட உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் இரவு தம்பிக்கு இழுப்பு அதிகமாகி, விடியும்வரை அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. அப்பா பட்டறைக்குக் கிளம்பினார். அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வாசல் கதவைத் தாழ்போட்டாள்.

“யாராவது வந்தா அம்மா குளிக்கிறாங்கன்னு சொல்லு. கதவைத் தொறக்காத. தம்பி அழுதா தூளியை ஆட்டு” என்றாள்.

பிறகு புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோபோல் இருந்தாள்.

அவள் முதலில் செய்தது, அப்பாவும் சித்தப்பாவும் அடைத்திருந்த எல்லாவற்றையும் நோண்டி எடுத்ததுதான். பிறகு கொல்லையில் கிடந்த மணலை மாவுச் சல்லடையில் சலித்தாள். நிலையின் பக்கத்தில் பழைய ஆணிகளைச் சாய்வாகப் பாதிவரை அடித்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட்டாள். கலவை பிடித்து நிற்க ஏதாவது வேண்டாமா என்றாள். சொம்பு சொம்பாகத் தண்ணீரைச் செங்கல் ஓரத்தில் ஊற்றினாள். மழையில் நனைந்த சுவருக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன்.

“வெளியிலதான் நனைஞ்சிருக்கு. உள்ள காஞ்சி கெடக்கு. காஞ்ச கல்லு கலவையில கீற தண்ணிய உறிஞ்சிடும். அப்புறம் எப்படி நிக்கும்?”

கலவையைச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசைந்தாள். கரண்டியில் கொஞ்சம் அள்ளி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாள். ‘சப்’ என்று இடுக்கின் ஆழத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு பொட்டுகூடக் கீழே விழவில்லை. முதல் ஜன்னலில் மட்டும் நாலைந்து முறை கை தயங்கியது. பிறகு தயங்கவில்லை. செங்கல் சில்லுகளை இடையில் செருகி, மேலே கலவை வீசி, கரண்டியின் முனையால் வழித்து, ஈரத்துணியால் ஓரத்தை நீவினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

“பாத்துகினே இருந்தா வந்துடும்” என்றாள், திரும்பாமல்.

பத்து மணிக்கு டீச்சரம்மா கதவைத் தட்டினார். அன்று அவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அம்மா குளிப்பதாகச் சொன்னேன். பதினொன்றரைக்கு மறுபடி வந்தார்.

“இன்னுமாம்மா குளிக்கிறாங்க?”

“தலைக்கு ஊத்திக்கிறாங்க.”

ஓணான் தலையை நீட்டும் ஜன்னலும் மூடப்பட்டது. ரயில் கோடும் போனது. எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. ஆனால் அம்மா உதட்டுக்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்றார். லேத்தில் கடைந்த சாமானைத் தடவிப் பார்ப்பதுபோல ஒட்டின இடத்தை நகத்தால் மெதுவாக நீவிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. சிமென்ட் அரித்து அம்மாவின் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி எடுத்து வந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்பிறகு ஒரு வாரம், ஜன்னல் ஓரங்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் வேலை எனக்கு. அடுத்த மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. தம்பியின் நெஞ்சுச் சத்தம் மெல்ல அடங்கி, அவன் தூளி முன்னறைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து பார்த்து அசந்துபோனார். “இன்னாண்ணா, சொல்லாம கொள்ளாம முடிச்சிட்ட? அசல் மேஸ்திரி கை மாதிரி கீதே!”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா யாருக்கும் தெரியாமல் வேண்டாம் என்று தலையசைத்தாள். எனக்குத் தெரிந்தது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று புரிந்ததும் எனக்கு ஒரே பெருமை. டீச்சரம்மாவின் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

சித்தப்பா சும்மா இருப்பாரா? டீக்கடையில் சொன்னார், அடிபம்பில் சொன்னார். இரண்டு வாரம் எங்கள் தெருவில் அப்பாதான் மேஸ்திரி. சைக்கிளை நிறுத்தி மணலுக்கு எத்தனை பங்கு சிமென்ட் என்று ஆட்கள் கேட்டார்கள். “அதெல்லாம் கைப்பக்குவம்தாங்க” என்று சொல்லி அப்பா பெடலை மிதித்துவிடுவார்.

மார்கழி நெருங்கியது. ஒரு ஞாயிறு மாலை, சித்தப்பாவும் இருந்தபோது, டீச்சரம்மாவின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் வீட்டையும் கட்டியது அதே மேஸ்திரிதான். அங்கேயும் ஜன்னலைச் சுற்றி அவர் அப்பிய கலவை உதிர்ந்து இடுக்கு விட்டிருந்தது. கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க கைவேலையைப் பாத்தேன். லீவு நாள்ல வந்து எங்க ஜன்னலையும் கொஞ்சம் பாத்துக் கொடுத்தீங்கன்னா…”

“அண்ணன் வருவாரு சார். நானும் கூட வரேன்” என்று சித்தப்பா அப்போதே வாக்குக் கொடுத்தார்.

அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சமையலறை வாசலில் நின்ற அம்மா தலையசைக்கக்கூட இல்லை. அப்படியே நின்றாள்.

“நான் செய்யலீங்க சார்” என்றார் அப்பா. “எங்க ஊட்லதான் செஞ்சாங்க. கல்யாணத்துக்கு முன்ன ஆறு வருஷம் கட்டட வேலைக்குப் போனவங்க. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவங்களுக்குத்தான் தெரியும்.”

அப்பா அம்மாவை ‘அவங்க’ என்று சொன்னது எனக்கு விநோதமாக இருந்தது. அதைவிட, ரகசியத்தை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே என்று திக்கென்றது.

சித்தப்பா வாயைத் திறந்தவர் மூடவில்லை. “அண்ணியா? தையல் கிளாஸ் போயிகினு இருந்தாங்கன்னுதானே…” என்று இழுத்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அப்பாவின் கழுத்து விறைத்ததை நான் பார்த்தேன்.

“அப்போ நான் ரப்பரைக் குத்திகினு கெடந்தப்போ உள்ளுக்குள்ள சிரிச்சிகினு இருந்தீங்களா அண்ணி?” என்றார் சித்தப்பா.

டீச்சரம்மாவின் கணவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். குடத்தின் மேல் கையூன்றி நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அந்த வாரமே அம்மா பட்டப்பகலில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக டீச்சரம்மா வீட்டுக்குப் போனாள். தெருவே பார்த்தது. நாலு ஜன்னலையும் இரண்டு நாளில் முடித்தாள். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு முழு கேக் வந்தது.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா மற்றதைச் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அவள் அங்கே சித்தாளாகக் கலவை சுமந்தவள். அந்த ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் கையில் யாரும் கரண்டியைக் கொடுத்ததில்லை. அப்பா அவளைப் பார்த்தது அங்கேதான். தன் வீட்டார் சம்மதிக்கவேண்டும் என்பதற்காகத் தையல் கிளாஸ் கதையைக் கட்டியது அவர். அதை ஒன்பது வருஷம் கட்டிக் காத்தது அம்மா.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று பேர் காத்த ரகசியத்தை அப்பா காட்டிக்கொடுத்துவிட்டார், அம்மா அழுகிறாள் என்பதுதான். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. கடலை மிட்டாய் வாங்கி வந்து நீட்டினார். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பாவிடம் என்ன கோபம் என்று அம்மா கேட்டாள். உனக்காகத்தான் என்று சொல்லத் தெரியாமல், தம்பியின் தூளியை வேகமாக ஆட்டினேன்.