தோள் நோவுக்குக் காலை அழுத்தியவள்

தறியில் இருந்து இருந்து என் வீட்டுக்காரருக்குத் தோள் நோ. பத்து வருஷமாக நொச்சி இலையை வறுத்து, துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பவள் நான். "சுடுது, போதும்" என்பார்.

இன்று அவருடைய தங்கை, தாய்லாந்தில் பழகிவந்த மூலிகைப் பொட்டணத்தை ஆவியில் சூடாக்கிக் கொண்டுவந்தாள். முதலில் கெண்டைக்காலில் வைத்து அழுத்தினாள்.

"நோ தோளிலதானே?" என்றேன்.

"ஓம் மதினி. ஆனா தறி மிதிக்கிற காலில இருந்துதான் இது ஏறுது. தாய்லாந்தில நரம்பு வழி பார்த்துத்தான் அமத்துவாங்க."

அவர் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். என் நொச்சிக்கு ஒருநாளும் வராத அல்ஹம்துலில்லாஹ்.

அவள் போனதும், சூடு ஆறாத பொட்டணத்தை என் இடுப்பில் வைத்துப் பார்த்தேன்.

சுகமாகத்தான் இருந்தது. இந்தப் பதிவை அவளுக்குக் காட்டுகிறவர்களுக்கு என் வீட்டில் இனித் தேநீர் கிடையாது.