நீலத்துக்குள் இருந்த வெள்ளை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. தங்கையாகிய நான் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணன் தேசூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால், பத்தாம் வகுப்போடு நின்று, ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வேலைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தை விட்டாலும் அறிவியல் புத்தகத்தை விடவில்லை.

எங்கள் ஆரணி வீட்டு வேலியில் வெள்ளைச் சங்குப்பூ, நீலச் சங்குப்பூ இரண்டும் படர்ந்திருந்தன. கல்யாணமான நாள் முதல் அம்மா சிவனுக்கு வெள்ளைதான் சாத்துவார். சாமிப் பூவைக் கொடியில் மிச்சம் வைக்கக் கூடாதென்று ஒன்று விடாமல் பறித்துவிடுவார். அதனால் வெள்ளைக் கொடியில் விதைக்கென்று ஒரு காய்கூடப் பிடித்ததில்லை. எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

ஒருநாள் அண்ணன் ஒரு நீல மொட்டைப் பிரித்து, அதன் மகரந்தத்தை எடுத்துவிட்டு, வெள்ளைப் பூவின் மகரந்தத்தைத் தடவினார். யாரும் பறித்துவிடாதபடி அந்தப் பூவில் சிவப்புப் பட்டிழை கட்டி வைத்தார். அந்த மழையில் வெள்ளைக் கொடி வேரழுகிச் செத்தது. இழை கட்டிய பூவின் விதைகள்தான் மிச்சம். முளைத்த கொடி அத்தனையும் நீலமாகவே பூத்தன. அம்மா அன்று சாப்பிடவில்லை.

“வெள்ள போயே போச்சுடா.”

“போவலம்மா. நீலம் ஓங்கு பண்பு, முன்னால நிக்குது. வெள்ள ஒடுங்கிகினு உள்ளதான் கீது. இந்தக் கொடியோட வெதயப் போட்டா நாலுல ஒண்ணு வெளிய வரும்.”

“சாயம் ஏறுன நூலு மறுபடி வெள்ளையாவுமா அண்ணா?” என்று நான் கேலி செய்தேன்.

“நூலு ஆவாது. செடி ஆவும்.”

அந்த விதைகளைத் தம் கையாலேயே ஊன்றினார். பிறகு படுத்தவர் எழவில்லை. “மொட்டு விட்டிச்சா?” என்று தினமும் கேட்டார். கொடி முழங்கால் உயரம் வந்தபோது போய்விட்டார்.

காரியம் முடிந்து சில வாரங்களில் பதினான்கு கொடிகள் பூத்தன. மூன்று, சுத்த வெள்ளை. நீலத்தின் சாயல்கூட இல்லை. ஒரு தலைமுறை முழுக்க முகம் காட்டாமல் இருந்தது, கொஞ்சமும் கறைபடாமல் வந்து நின்றது.

அம்மா வெகுநேரம் பார்த்தார். பறிக்கவில்லை. “வெதைக்கு வுட்டுடு” என்றார்.

கடைசி நாட்களில் வேலூர் ஆஸ்பத்திரிக்கும் ஆரணிக்கும் அலைந்த கண்ணமங்கலத்து உறவுகளுக்கும், முறைவைத்து அண்ணன் அருகில் இருந்த சாயப்பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இந்த நினைவு மலரோடு சிறு பொட்டலத்தில் இருப்பவை நீலக் கொடிகளின் விதைகள். எதனுள் வெள்ளை இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது, சொல்லக்கூடியவரும் இல்லை. ஊன்றிப் பாருங்கள். யார் வீட்டிலாவது வெள்ளை பூத்தால் அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். மகனைப் பற்றிச் சேதி வந்ததாக எண்ணிக்கொள்வார்.